அடைப்பா? உடைப்பா?

கை எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். படத்தில் எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. முறிந்த இடமும் தெரிகிறது. ஆனால் கையில் ஓடும் இரத்தக் குழாய்கள் அந்தப் படத்தில் தெரிகின்றனவா? ஒன்றுகூடத் தெரிவதில்லை. ஏன்?

எலும்பில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அது எக்ஸ்ரே கதிரைத் தடுக்கிறது. தடுத்த இடம் படத்தில் வெள்ளையாக விழுகிறது. சதையும் இரத்தமும் கதிரை அவ்வளவாகத் தடுப்பதில்லை. இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அதனால் குழாய் எது, சதை எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. 1895ஆம் ஆண்டு ஜெர்மனியில் ராண்ட்ஜன் என்ற விஞ்ஞானி எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். தன் மனைவியின் கையைத்தான் அவர் படம் எடுத்தார். விரல் எலும்பும் மோதிரமும் தெரிந்தன. குழாய்கள் தெரியவில்லை.

கைக்கே இப்படி. மூளையோ கெட்டியான மண்டை ஓட்டுக்குள் இருக்கிறது. அதற்குள் ஓடும் குழாய்களை எப்படிப் பார்ப்பது?

அதை ஏன் பார்க்க வேண்டும் என்று முதலில் தெரிந்துகொள்வோம்.

நம் மூளையின் எடை சுமார் 1,400 கிராம். உடம்பின் எடையில் நூற்றில் 2 பங்குதான். ஆனால் இதயம் அனுப்பும் இரத்தத்தில் நூற்றில் 15 முதல் 20 பங்கு வரை மூளைக்கே போகிறது. கழுத்து வழியாக நான்கு பெரிய குழாய்கள் மேலே ஏறுகின்றன. இரண்டு முன்பக்கம், இரண்டு பின்பக்கம். தாடைக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் மெதுவாக விரல் வைத்துப் பாருங்கள். துடிக்கிறதல்லவா? அது முன்பக்கக் குழாய்களில் ஒன்று. மூளையின் அடியில் இந்த நான்கும் ஒரு வளையம்போல் சேருகின்றன. பிறகு பல கிளைகளாகப் பிரிகின்றன. ஏரித் தண்ணீர் வாய்க்காலாகப் பிரிந்து வயல்களுக்குப் பாய்வதைப் போலத்தான்.

வாய்க்காலில் இரண்டு விதமான கேடு வரலாம். குப்பை சேர்ந்து அடைத்துக்கொண்டால் அதற்கு அப்பால் உள்ள வயல் காய்ந்துபோகும். கரை உடைந்தால் தண்ணீர் கண்ட இடத்தில் பாயும். மூளையிலும் இப்படித்தான். குழாயில் இரத்தக் கட்டி அடைத்தால் மூளையின் ஒரு பகுதி இரத்தம் இல்லாமல் சாகத் தொடங்கும். குழாய் வெடித்தால் இரத்தம் மூளைக்குள் கசியும். இரண்டுக்கும் பெயர் பக்கவாதம்தான்.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வாய் கோணும். ஒரு பக்கக் கை கால் விழுந்துவிடும். பேச்சு குழறும். ஆனால் வைத்தியம் நேர் எதிரானது. அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்கும் மருந்து தர வேண்டும். உடைப்பு என்றால் அதே மருந்து ஆளைக் கொன்றுவிடும். இரத்தம் நிற்காமல் கொட்டும். எவ்வளவு அனுபவம் உள்ள டாக்டரும் நாடி பிடித்து மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. படம் எடுத்துத்தான் சொல்ல முடியும்.

மூளைக் குழாய்களை முதலில் படம் எடுத்தவர் போர்ச்சுகல் நாட்டு டாக்டர் எகாஸ் மோனிஸ். லிஸ்பன் நகரத்தில் இருந்தார். மூளையில் கட்டி எங்கே இருக்கிறது என்று அறுக்காமல் கண்டுபிடிக்க வழி தேடினார். அவருடைய யோசனை எளிமையானது. இரத்தம் கதிரைத் தடுக்காது. தடுக்கும் மருந்து ஒன்றை இரத்தத்தில் கலந்துவிட்டால்? அது ஓடும் வழியெல்லாம் படத்தில் தெரியுமே!

யோசனை எளிது, செய்வது கடினம். மருந்து கதிரைத் தடுக்க வேண்டும். மூளையையும் கெடுக்கக் கூடாது. பல உப்புகளைச் சோதித்தார். நாய்களிடம் சோதித்தார். இறந்தவர்களின் உடலில் சோதித்தார். மோனிசுக்குக் கைகளில் மூட்டு நோய் இருந்தது. ஊசி போடும் வேலையை அல்மெய்தா லிமா என்ற இளம் டாக்டர் செய்தார். முதலில் ஸ்ட்ரான்சியம் கலந்த உப்பை நோயாளிகளுக்குச் செலுத்தினார்கள். படம் சரியாக வரவில்லை. ஒரு நோயாளி இறந்தும் போனார். அந்த உப்பைக் கைவிட்டார்கள். பிறகு அயோடின் உப்பை எடுத்தார்கள். 1927ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு வாலிபருக்கு எடுத்த படத்தில் குழாய்கள் தெரிந்தன. மூளையில் கட்டி இருந்ததால் குழாய்கள் இடம் விலகி இருந்தன. அதுவும் தெரிந்தது.

இன்றைக்கும் அயோடின் கலந்த மருந்தைத்தான் செலுத்துகிறார்கள். உப்பில் சேர்க்கிறோமே, அதே அயோடின்தான். ஆனால் அன்றைய மருந்தைவிட இன்றைய மருந்து மிகவும் பாதுகாப்பானது.

இடையில் ஒரு தவறான பாதையும் இருந்தது. 1930களில் தோரியம் கலந்த மருந்து ஒன்றைப் பல நாடுகளில் பயன்படுத்தினார்கள். படம் பளிச்சென்று வந்தது. நோயாளிக்கு உடனே தொல்லையும் இல்லை. எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் தோரியம் கதிர்வீச்சு உள்ள பொருள். அது உடம்பை விட்டுப் போகவே இல்லை. கல்லீரலில் தங்கிவிட்டது. பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வந்தது. பிறகுதான் அந்த மருந்தை நிறுத்தினார்கள். நோயாளிகள் கொடுத்த விலை இது. மோனிசுக்கு 1949இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் படத்துக்காக அல்ல. மனநோயாளிகளுக்கு அவர் செய்த வேறொரு மூளை அறுவைக்காகக் கிடைத்தது. அந்த அறுவையைப் பின்னாளில் உலகம் கண்டித்துக் கைவிட்டது. பரிசு தரவேண்டியது இதற்குத்தான் என்று தோன்றுகிறது.

மோனிஸ் கழுத்துக் குழாயில் நேராக ஊசி குத்தினார். 1953இல் சுவீடன் நாட்டு டாக்டர் செல்டிங்கர் நல்ல வழி ஒன்றைக் காட்டினார். தொடை இடுக்கில் ஊசி குத்தி, மெல்லிய கம்பியை விட்டு, அதன்மேல் ஒரு மெல்லிய குழலை நகர்த்திக் கொண்டுபோவது. இன்று மணிக்கட்டு வழியாகவும் செய்கிறார்கள். இதற்கு ஆஞ்சியோகிராம் என்று பெயர். சிறிது ஆபத்து உண்டு. தேவைப்பட்டால் மட்டுமே செய்வார்கள்.

1971இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். இந்த எந்திரம் தலையைச் சுற்றிச் சுற்றிக் கதிரைச் செலுத்தும். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் படமாகத் தரும். பக்கவாதம் வந்தவருக்கு முதலில் எடுப்பது பெரும்பாலும் இதைத்தான். மருந்து ஏற்றாமலே எடுப்பார்கள். கசிந்த இரத்தம் வெள்ளையாக உடனே தெரியும். அடைப்பு முதல் சில மணி நேரத்தில் தெரியாமலும் போகலாம். "ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறார்கள், பிறகு ஏன் அட்மிட் செய்கிறார்கள்?" என்று உறவினர்கள் சண்டை போடுவது உண்டு. ஒன்றுமில்லை என்றால் கசிவு இல்லை என்று பொருள். நோய் இல்லை என்று பொருள் அல்ல.

பிறகு எந்தக் குழாயில் அடைப்பு என்று பார்க்கக் கை நரம்பில் அயோடின் மருந்தை ஏற்றி மறுபடி படம் எடுப்பார்கள். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடாக இருக்கும். சிறுநீர் போய்விட்டது போலவும் தோன்றும். பயப்பட வேண்டாம். சில நிமிடத்தில் சரியாகும். அதற்கு முன் சில கேள்விகள் கேட்பார்கள்.

"பெரியம்மா, இதற்கு முன் ஊசி போட்டு உடம்பு தடித்தது உண்டா?"

"இல்லை தம்பி."

"சிறுநீரகக் கோளாறு? சர்க்கரை?"

"சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்."

இப்படி உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். கர்ப்பமாக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். மாத்திரைச் சீட்டைக் கையில் கொண்டுபோவது நல்லது.

எம்.ஆர்.ஐ. என்ற எந்திரமும் உண்டு. அது காந்தத்தால் வேலை செய்கிறது. எக்ஸ்ரே கதிர் கிடையாது. மருந்து ஏற்றாமலே குழாய்களைக் காட்டவும் அதனால் முடியும். நகை, சாவி எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். உடம்புக்குள் இரும்பு, பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சத்தம் அதிகமாக இருக்கும்.

இத்தனை எந்திரங்கள் இருந்தும் பலர் காப்பாற்றப்படுவதில்லை. காரணம் நேரம். பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் மூளை அணுக்கள் சாகின்றன. கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் தர வேண்டும். பெரிய அடைப்பைக் குழல் விட்டு எடுக்கும் சிகிச்சையும் உண்டு. சிலருக்கு 24 மணி நேரம் வரை அது பயன்படும். யாருக்குப் பயன்படும் என்று சொல்வதும் ஸ்கேன்தான்.

ஆனால் நம் ஊர்களில் என்ன நடக்கிறது? எண்ணெய் தேய்க்கிறார்கள். புறா இரத்தம் தேய்ப்பவர்களும் உண்டு. விடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். வாயில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். ஆஸ்பிரின் மாத்திரை தருகிறார்கள். படம் எடுக்காமல் தரக் கூடாது. உள்ளே உடைப்பாக இருந்தால்?

வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் மணியைப் பாருங்கள். நோயாளி கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். பல மாநிலங்களில் 108க்குப் போன் செய்தால் வண்டி வரும். சி.டி. ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போக வேண்டும். ஸ்கேன் இல்லாத இடத்துக்குப் போய்க் காத்திருந்தால் நேரம்தான் வீணாகும்.

பேசுவோம்

உங்கள் ஊருக்கு அருகில் சி.டி. ஸ்கேன் உள்ள அரசு ஆஸ்பத்திரி எது? அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும்? இரவில் என்ன வண்டி கிடைக்கும்? விசாரித்து நோட்டில் எழுதி வையுங்கள்.

பக்கவாதம் வந்தவருக்கு ஸ்கேன் எடுக்கும் முன் ஆஸ்பிரின் ஏன் தரக் கூடாது? பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்கள் சொற்களில் சொல்லுங்கள்.