கறியும் பசியும்: கரிசல் மண்ணிலிருந்து ஒரு கணக்கு

உலகில் விளையும் தானியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தீவனமாகப் போகிறது, ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீட்டின்படி 2024இல் சுமார் 67 கோடிப் பேர் பசியோடு இருந்தனர். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள், உலகம் இறைச்சியைக் கைவிட்டால் பசி ஒழிந்துவிடும் என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுகின்றனர். ஆட்டுக்கிடையும் கோழித்தீவன மக்காச்சோளமும் ஒரே மண்ணில் காணக்கிடைக்கும் கோவில்பட்டி வட்டாரக் கரிசல்காட்டை வைத்து அந்த முடிவைச் சோதித்துப் பார்க்கலாம்.

நம்பிக்கை: எந்தக் கறியானாலும் மனிதர் உண்ண வேண்டிய தானியத்தைத் தின்று வளர்ந்ததுதான்.

உண்மை: ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகக் கால்நடைகள் தின்னும் தீவனத்தில் 86 விழுக்காடு மனிதர் உண்ண இயலாத புல், வைக்கோல், தட்டை, பிண்ணாக்கு போன்றவையே. வேம்பூர் ஆடும் கீழக்கரிசல் ஆடும் கன்னி ஆடும் இதற்குக் கண்ணெதிர்ச் சான்றுகள். ஐப்பசி, கார்த்திகை மழையை மட்டும் நம்பிப் பயிரிடும் இந்த மானாவாரி நிலத்தில், தை, மாசியில் அறுவடை முடிந்ததும் சோளத்தட்டையும் உளுந்துச் செடியின் மிச்சமும் வரப்போரப் புல்லும்தான் எஞ்சும். ஆடுகள் அவற்றையும், கோடையில் உதிரும் சீமைக்கருவேல நெற்றையும் தின்றே உடம்பு தேற்றுகின்றன. இரவில் அவற்றை அறுவடை முடிந்த புஞ்சையில் அடைத்து, புழுக்கையும் மூத்திரமும் அந்த நிலத்திலேயே விழும்படி செய்வதற்குக் கிடை போடுதல் என்று பெயர். மறுநாள் அடைப்பை நகர்த்தி அடுத்த துண்டு நிலத்தில் வைப்பார்கள். இப்படியே புஞ்சை முழுவதும் உரமேறும். இதற்காக நிலத்துக்காரர் கிடைக்காரருக்கு முன்பு தவசமாகவும் இப்போது பணமாகவும் கூலி கொடுக்கிறார். இந்த ஆட்டுக்கறியை ஒருவர் விட்டுவிட்டால் ஒரு படி தானியம்கூட மிச்சமாகாது. புஞ்சைக்குக் கிடைத்துவந்த உரம்தான் குறையும்.

நம்பிக்கை: அப்படியானால் தானியம் தின்னும் கோழியை விட்டால் போதும், மிச்சமாகும் தானியம் பசித்தவரைச் சென்றடையும்.

உண்மை: இதில் பாதி சரி. நூறு கலோரி தானியத்தைத் தீவனமாகக் கொடுத்தால் கோழிக்கறியாகத் திரும்பக் கிடைப்பது சுமார் 12 கலோரி என்றும், முட்டையாக 22, பாலாக 40, மாட்டுக்கறியாக வெறும் 3 என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. கோழித்தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம் என்பதால், கறிக்கோழியும் முட்டையும் பெருகப் பெருக, முன்பு நாட்டுச்சோளமும் கம்பும் விளைந்த கரிசல் புஞ்சைகளில் மக்காச்சோளம் பரவியது. கதிரை மட்டை மூடியிருப்பதால் சோளத்தைப்போல் குருவிகளுக்கு எளிதில் இரையாவதில்லை என்பதும், களத்தில் காயவைத்து மூட்டை பிடித்தவுடன் வாங்க வியாபாரி இருக்கிறார் என்பதும் விவசாயிகள் அதை விரும்பியதற்குக் காரணங்கள். 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழு பெருஞ்சேதம் விளைவித்தும் அவர்கள் அதை விட்டுவிடவில்லை.

ஆனால் கோழிதான் ஏழையின் சோளச்சோற்றைப் பறித்தது என்று சொல்வது பிழை. கம்மஞ்சோறும் சோளச்சோறும் தட்டிலிருந்து விலகியதற்கு ரேஷன் அரிசி பெருங்காரணம். தமிழ்நாட்டில் 2011 முதல் அது விலையில்லாமலே கிடைக்கிறது. கோழித்தீவனத்துக்கான தேவை நாளை குறைந்தால், அந்த மக்காச்சோளம் பசித்தவரைத் தேடிப் போகாது, விலை கொடுப்பவரைத் தேடியே போகும். பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்காக அண்மை ஆண்டுகளில் சாராய ஆலைகள் மக்காச்சோளத்தை வாங்கத் தொடங்கியிருக்கின்றன; வாகனத்தின் டேங்குக்கும் பசிக்கும் தானியத்திற்காக இப்படி ஒரு போட்டி ஏற்பட்டிருப்பதைப் பற்றிக் கறி எதிர்ப்பாளர்கள் அதிகம் பேசுவதில்லை.

பஞ்சம் என்பது தானியம் இல்லாமையால் மட்டுமன்றி, அதை வாங்கும் வக்கு மக்களிடம் இல்லாமையாலும் நேர்வது என்பதை, 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து அமர்த்தியா சென் 1981இல் விரிவாக நிறுவினார். அதற்கும் முன்பே, 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில், சென்னை மாகாண மக்கள் சாலையோரங்களில் மடிந்துகொண்டிருந்தபோது இந்தியாவிலிருந்து கப்பல்களில் தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. இன்றும் உலகில் ஆண்டுதோறும் விளையும் 280 கோடி டன்னுக்கு மேற்பட்ட தானியத்தைத் தலைக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வரும். எனினும் தானியம் தின்று வளரும் இறைச்சிக்கான தேவை செல்வ நாடுகளில் தணிந்தால் உலகச் சந்தையில் தானிய விலை ஓரளவு தணியும் என்பதும், அரிசியையும் கோதுமையையும் காசு கொடுத்து வாங்கும் ஏழை நாடுகளுக்கு அது உதவும் என்பதும் மறுக்க முடியாதவை. கறியைக் குறைப்பதால் பசிக்குக் கிடைக்கும் பலன் அந்த அளவுக்குத்தான்.

நம்பிக்கை: குறைப்பதென்றால் எல்லோரும் ஒன்றுபோல் குறைக்க வேண்டும்.

உண்மை: அமெரிக்கர் ஒருவர் பங்குக்கு ஆண்டுக்கு 100 கிலோவுக்கு மேல் இறைச்சி வருகிறது, இந்தியரின் பங்கு ஏழெட்டுக் கிலோவைத் தாண்டுவதில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருக்கின்றனர். பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. இப்பசி வயிற்றை நிரப்பினாலும் தீராத ஊட்டப் பசி; இதற்குப் பருப்பும் கீரையும் போலவே முட்டையும் மீனும் மருந்து. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள எட்டயபுரத்தில் 1956இல் காமராசர் தொடங்கிவைத்த மதிய உணவுத் திட்டத்தின் வழிவந்த சத்துணவில், 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாகச் சேர்ந்த முட்டை, 2010 முதல் வாரத்துக்கு ஐந்தாக வழங்கப்படுகிறது. அம்முட்டைகளை இடும் நாமக்கல் கோழிகளின் தீவனத்தில் கரிசல்காட்டு மக்காச்சோளத்துக்கும் பங்குண்டு. ஆண்டுக்கு 100 கிலோ உண்பவர் தட்டில் பாதியைக் குறைப்பது நியாயம். சத்துணவுத் தட்டிலிருக்கும் முட்டையில் கை வைப்பது பசியை வளர்க்கும்.