ஆளறிந்து எரியும் வாயில்விளக்கு

இரவு முழுதும் வாயிலில் விளக்கெரித்து வைத்தலே வீட்டுக்குக் காவல் என்பது நம்மிற் பலருடைய கொள்கை. ஆயினும், ஆள் வருங்கால் மாத்திரம் எரிந்து, அவர் சென்றபின் தானே அணையும் விளக்குகள் இந்நாளில் எளிதிற் கிடைக்கின்றன. அவற்றை வாங்கியோருட் சிலர், “பூனைக்கு எரிகிறது, வீட்டுக்காரருக்கு எரிவதில்லை” என்று குறைகூறக் கேட்கிறோம். குறை பெரும்பாலும் விளக்கினதன்று. அதன் இயல்பறியாது மாட்டியதனால் விளைவதாம். ஆகவே அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இவ்விளக்குகளிற் பெரும்பாலானவற்றின் கண், அசைவை நேரே காண்பதன்று. வெப்பத்தின் மாறுதலையே காண்பது. கட்புலனாகாத வெப்பக் கதிர்களை வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானநூற் புலவர் 1800-ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். நம் உடலினின்றும் இக்கதிர்கள் இடையறாது வீசுகின்றன. விளக்கின் உணர்கருவியினுள் இரண்டு சிறு தகடுகள் ஒன்றற்கொன்று எதிராக இணைக்கப்பட்டுள்ளன. இரண்டின்மேலும் ஒரே அளவு வெப்பம் படின், ஒன்றில் எழும் மின்சாரத்தை மற்றொன்றினது அழித்துவிடும். ஆள் குறுக்கே நடக்குங்கால், கதிர் முதலில் ஒன்றன்மேலும் பின்னர் மற்றொன்றன்மேலும் படும். அவ்வேறுபாடே விளக்கை எரியச் செய்கிறது.

இதனின்றும் மூன்று முடிபுகள் பெறப்படும். கருவியை நோக்கி நேரே வருவாரினும் குறுக்கே நடப்பாரையே அது விரைவில் அறியுமாதலின், வழிக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய 2½ மீட்டர் உயரத்தில் அமைத்தல் நன்று. கண்ணாடி அக்கதிர்களை மறைக்குமாதலின், சன்னலுக்கு உட்புறம் வைத்தல் பயனற்றது. கோடையிரவிற் சுவரும் தரையும் நம் உடற்சூட்டை நெருங்குங்கால் கருவி மந்தப்படும்; குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டி அனல் வீசுமிடத்திலோ ஆளின்றியும் எரியும்.

வாங்குங்கால், மழைபடும் இடத்திற்கு ஐ.பி. 65 எனக் குறித்ததையே கொள்க. வாயிற்படிக்கு 10 வாட் எல்.இ.டி. போதும். 3000 கெல்வினுக்கு மேற்படாத மஞ்சள் ஒளிக்குப் பூச்சிகள் குறைவாகவே வரும்.

பல விளக்குகளில் மூன்று திருகுகள் உள. ஒன்று எட்டும் தூரத்தையும், மற்றொன்று எரியும் நேரத்தையும், பிறிதொன்று எவ்வளவு இருட்டியபின் எரிதல் வேண்டுமென்பதையும் வரையறுக்கும். முதலில் நேரத்தை மிகக் குறைத்து, இரவில் நாமே முற்றத்தில் நடந்து எல்லையைச் சோதித்து, பின்னர் 2 நிமிஷமாக உயர்த்துக. பூனையால் தொல்லை நேரின், கருவி மூடியின் கீழ்ப்பகுதியை ஒட்டுத்தாளால் மறைத்தலே எளிய பரிகாரம்.

இனிச் செலவை நோக்குவோம். 10 வாட் விளக்கு நாடோறும் 12 மணி எரியின் 30 நாளைக்கு 3.6 யூனிட் ஆகும். ஆளறிந்து மொத்தம் ஒரு மணி எரியின் 0.3 யூனிட். உணர்கருவி எப்போதும் விழித்திருத்தற்கு அரை வாட் எனக் கொள்ளின், மேலும் 0.36 யூனிட். மிச்சம் 3 யூனிட்டுக்குச் சிறிது குறைவே. இஃது ஒரு பெருஞ்சேமிப்பன்று.

அங்ஙனமாயின் பயன் யாதெனின், நள்ளிரவிற் கொல்லைக்குச் செல்லும் பாட்டியார் படியையும், படியிற் கிடக்கும் பாம்பையும் காண்பதே பயன். விளக்கு அவர் கண்ணில் அறையுமாறு நிமிர்ந்திருப்பின், ஒளியிருந்தும் படி தெரியாது. எதிர்வீட்டார் உறக்கமும் கெடும். ஆதலின் விளக்கின் முகத்தைத் தரைநோக்கித் தாழ்த்துக. வேண்டியபோது வேண்டிய இடத்தில் ஒளியும், பிறர்க்கு உரிய இருளும் தருவதே நல்ல வாயில்விளக்கு என்பது நம் துணிபு.