கான்கிரீட்டில் நுண்பொடிகளின் தொழில்

வீடும் பாலமும் அணையும் இக்காலத்தில் பெரும்பாலும் கான்கிரீட்டினாலேயே எழுகின்றன. சிமெண்டு, மணல், சல்லி, நீர் என்னும் நான்கும் சேர்ந்த இக்கலவையிடம் நாம் இரண்டு குணங்களை வேண்டுகின்றோம். ஊற்றும்போது அது கம்பிகளின் இடையெங்கும் இளகி ஓடவேண்டும். இறுகியபின் பாறையெனச் சுமை தாங்கவேண்டும். இவ்விரு குணங்களும் தம்முள் மாறுபட்டவை. அம்மாறுபாட்டை நிலக்கரிச் சாம்பல் முதலிய நுண்பொடிகள் எவ்வாறு தணிக்கின்றன என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மாறுபாட்டிற்குக் காரணம் நீர். சிமெண்டு முற்றும் வினைபுரிய அதன் எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பங்கு நீரே போதும். மிகையாக ஊற்றிய நீர் கலவையை இளக்குமேனும், பின்னர் உலர்ந்து அகலுங்கால் தான் இருந்த இடங்களை நுண்துளைகளாக விட்டுச்செல்லும். நீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதம் உயர உயர வலிமை குறையும் என்னும் விதியை அமெரிக்கரான டஃப் ஏப்ராம்ஸ் 1918-இல் வெளியிட்டார். கலவை எளிதில் பரவவில்லையென்று மேலும் ஒரு குடம் நீர் ஊற்றுவோர், சிறிது உழைப்பை மிச்சப்படுத்தித் தூணின் வலிமையை இழக்கின்றனர்.

மற்றுமொரு குறையும் உண்டு. சிமெண்டு நீருடன் கூடும்போது, சல்லியையும் மணலையும் பிணிக்கும் பசை போன்ற பொருளோடு நீறிய சுண்ணாம்பும் தோன்றுகின்றது. இச்சுண்ணாம்பு வலிமைக்கு அதிகம் உதவாது. நீரிற் கரைந்து வெளியேறவும் கூடும். ஆனால் சிலிகா மிகுந்த நுண்பொடி அருகிருந்தால், அது இச்சுண்ணாம்புடன் கூடி மேலும் பசையை விளைவிக்கும். இது பழைய அறிவே. நேப்பிள்ஸ் நகருக்கு அருகிலுள்ள பொசுவோலியின் எரிமலைப் பொடியை ரோமர் சுண்ணாம்பிற் கலந்தனர். நம் நாட்டில் சுட்ட செங்கற்பொடியாகிய சுர்க்கி அத்தொழிலைச் செய்தது. 1895-இல் முடிவுற்ற முல்லைப் பெரியாற்று அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டப்பட்டதே.

இனி, இன்று வழங்கும் பொடிகளைக் காண்போம். மேட்டூர் போன்ற அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரியுங்கால் கிடைப்பது உலர் சாம்பல். தீயில் உருகிக் காற்றிலேயே குளிர்வதால் அதன் துகள்கள் பெரும்பாலும் உருண்டையானவை. கோணல்மாணலான சிமெண்டுத் துகள்களிடையே இவை உருண்டு இடம்பெயர்வதால், குறைந்த நீரிலேயே கலவை இளகும். எனினும் இதன் வினை மெதுவானது; தொடக்கத்திற் பின்தங்கும் வலிமை, 90 நாட்களில் தனிச் சிமெண்டினதை எட்டுதலும் விஞ்சுதலும் உண்டு.

இரும்பு உருக்கும் ஊதுலையின் கசடை நீரால் விரைந்து குளிர்வித்து அரைத்த பொடி இரண்டாவது. நம் நாட்டுக் கசடுச் சிமெண்டில் இது நூற்றுக்கு 25 முதல் 70 பங்கு வரை இருக்கலாம். இறுகுங்கால் எழும் வெப்பத்தைக் குறைப்பதால் பருத்த அடித்தளங்களுக்கு ஏற்றது.

சிலிகா புகைத்தூள் மூன்றாவது. இதன் துகள் சிமெண்டுத் துகளில் ஏறக்குறைய நூற்றிலொரு பங்கே. கொட்டைப்பாக்கு நிரம்பிய மரக்காலிற் கடுகுக்கு இடமுண்டு; கடுகு நிரம்பியபின்னும் மாவுக்கு இடமுண்டு. அவ்வாறே இத்தூள் இடைவெளிகளை அடைத்து, சுண்ணாம்புடனும் விரைந்து கூடி, வலிமையை மிக உயர்த்தும். ஆயினும் இதன் மேற்பரப்பு மிகப் பெரிதாதலின் நீரைப் பற்றிக்கொண்டு கலவையைக் கெட்டியாக்கும். ஆகவே நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை, சூப்பர் பிளாஸ்டிசைசர் என்னும் இளக்கியுடன் சேர்த்தே இடுவர். சாம்பலையும் புகைத்தூளையும் ஒருங்கே அளவறிந்து கலப்பின், ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும்.

ஓட்டத்தை அளக்க 300 மில்லிமீட்டர் உயரமுள்ள கூம்பில் கலவையை நிரப்பி, கூம்பை உயர்த்தி, கலவை எவ்வளவு சரிகின்றதெனப் பார்ப்பர். ஜப்பானியப் பேராசிரியர் ஒகமுரா 1986-இல் முன்மொழிந்த, தானே பரவி நிரம்பும் கான்கிரீட்டிலோ சரிவை அளப்பதில்லை. பரவும் வட்டத்தின் விட்டத்தையே அளப்பர். சல்லி அடியிற் படியாமல் கலவை ஒன்றாய் ஓடுவதற்கு அங்கே நுண்பொடி இன்றியமையாதது.

இந்நன்மைகள் யாவும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டவை. பொடி சுண்ணாம்புடன் கூடுவதற்குக் காலமும் ஈரமும் வேண்டும். சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாட்கள் ஈரம் காக்கச் சொல்லும் இந்தியத் தர விதி 456, பொடி கலந்ததற்கு 10 நாட்கள் வேண்டுமென்றும், 14 நாட்கள் வரை நீட்டித்தல் நலமென்றும் கூறுகின்றது. வெயிற்காலத்தில் மூன்றாம் நாளே நீர் ஊற்றுவதை நிறுத்தினால், பொடியின் பெரும்பகுதி வினைபுரியாது வெறுந்தூளாகவே உள்ளே தங்கிவிடும். சென்ட்ரிங் பலகையைப் பிரிப்பதிலும் அவசரம் ஆகாது. தொடக்க வலிமை குறைந்த கலவை தன் சுமையையே தாங்கமாட்டாது போகலாம்.

நம் மாணாக்கருட் பலர் நாளை கட்டட வேலைகளை மேற்பார்ப்பவராதல் கூடும். மேலாண்மையர் விரைவை வேண்டுவர். செலவைச் சுருக்கவும் சொல்வர். அப்போது இரண்டை விட்டுக்கொடாதிருத்தல் வேண்டும்: கலவையில் நீரை அளந்து ஊற்றுதல், இறுகியபின் நீரைக் குறைவின்றி ஊற்றுதல். இவ்விரண்டும் தவறின் எந்தப் பொடியும் கட்டடத்தைக் காவாது. அதன்கீழ் வாழ்வோர் நம் கணக்கைப் பாராமலே நம்மை நம்புகின்றனர் என்பதை மறவாதிருப்போமாக.