காட்டிற்குச் சென்று வந்தபின் காய்ச்சல்: கியாசனூர் வன நோய் புகட்டும் பாடம்

நம் நாட்டில் கால்நடையும் காடும் கிராம மக்களின் வாழ்க்கையோடு பிரிக்க முடியாதபடி இணைந்துள்ளன. மாடு மேய்த்தல், விறகு சேகரித்தல், தோட்டங்களுக்கு எருவாக இடுவதற்கும் தொழுவத்தில் பரப்புவதற்கும் சருகு வாருதல், தேன், கடுக்காய் போன்ற சிறு வன விளைபொருள்களைத் திரட்டுதல் ஆகியவை பல இலட்சம் குடும்பங்களுக்குத் துணைத் தொழில்களாகவோ முழுநேரத் தொழில்களாகவோ விளங்குகின்றன. இவ்வாறு ஒரு பகல் முழுவதும் காட்டில் கழித்துவிட்டு வீடு திரும்பியவர், சில நாள்கள் சென்று காய்ச்சலும் உடல்வலியும் கண்டு படுத்துவிடுவது புதிய செய்தியன்று. அலைச்சல் என்றும் வெயில் என்றும் எண்ணி அதனைப் பெரிதுபடுத்தாமல் விட்டுவிடுவதே வழக்கம். பெரும்பாலான காய்ச்சல்கள் தாமாகவே தணிந்துவிடுவதால் இவ்வழக்கம் நிலைபெற்றும் விட்டது. ஆனால் அவற்றுள் சில உயிரைப் பறிக்கக்கூடியவை. மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் 'குரங்குக் காய்ச்சல்' என வழங்கும் கியாசனூர் வன நோய் இதற்குத் தக்க சான்றாகும்.

நோய் கண்டறியப்பட்ட வரலாறு

அன்றைய மைசூர் மாநிலத்தில், ஷிமோகா (இன்றைய சிவமொக்கா) மாவட்டம், சொரப வட்டத்தில் கியாசனூர் என்னும் காட்டுப் பகுதி உள்ளது. 1957ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்குக் குரங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்து கிடந்தன. அதே பருவத்தில் அக்காட்டை அடுத்த சிற்றூர்களில் கடுங்காய்ச்சல் பரவிற்று. குரங்குகளின் இறப்பையும் மக்களின் காய்ச்சலையும் ஒருங்கே கண்ட மருத்துவ அறிஞர்கள், இந்தியாவில் என்றுமே தோன்றியிராத மஞ்சள் காய்ச்சல் நுழைந்துவிட்டதோ என முதலில் ஐயுற்றனர்.

பூனாவில் 1952இல் நிறுவப்பட்டிருந்த வைரஸ் ஆராய்ச்சி மையம் (இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம்) உடனே ஆய்வில் இறங்கியது. டெல்ஃபோர்டு வொர்க் தலைமையிலான குழுவினர் நோயுற்ற குரங்கிலிருந்தும் மனிதரிடமிருந்தும் வைரஸைப் பிரித்தெடுத்தனர். அது மஞ்சள் காய்ச்சல் வைரஸ் அன்று; சைபீரியக் காடுகளில் உண்ணியால் பரவும் மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு உறவுடைய, அதுவரை அறியப்படாத ஒன்று எனத் தெரியவந்தது. ஹெரால்டு டிராப்பிடோ, பி. கே. ராஜகோபாலன் முதலிய அறிஞர்கள் காட்டில் திரட்டிய உண்ணிகளிலும் அதே வைரஸ் இருப்பது நிறுவப்பட்டது. நோயைப் பரப்புவது குரங்கன்று, உண்ணியே என்பது இதனால் தெளிவாயிற்று.

உண்ணியின் வாழ்க்கைச் சுழற்சி

இந்நோயைப் பரப்புவதில் முதன்மையானது 'ஹீமாபைசாலிஸ் ஸ்பைனிஜெரா' என்னும் உண்ணியினம். முட்டையிலிருந்து வெளிவந்த பின் இதற்கு மூன்று பருவங்கள் உண்டு. ஒவ்வொரு பருவத்திலும் ஏதேனும் ஓர் உயிரின் இரத்தம் இதற்குத் தேவை. ஆறு கால்களையுடைய முதற்பருவக் குஞ்சுகள் மழைக்காலத்தின் முடிவில் பெருகி, காட்டெலி, மூஞ்சூறு, தரையில் மேயும் பறவைகள், குரங்கு ஆகியவற்றைப் பற்றிக்கொள்கின்றன. பின்னர் எட்டுக் கால்களையுடைய இளவுண்ணிகளாக வளர்கின்றன. கண்ணுக்கு எளிதில் புலப்படாத இவ்விளவுண்ணிகளே மனிதரை மிகுதியாகக் கடிப்பவை. டிசம்பர் முதல் மே வரையிலான வறண்ட மாதங்களில் இவை மிகுந்து காணப்படும். சருகு வாரவும் விறகு வெட்டவும் மக்கள் காட்டிற்குள் செல்லும் காலமும் அதுவே. நோய் ஒரு குறிப்பிட்ட பருவத்தில் தலைதூக்குவதற்கு இதுவே காரணம்.

முழு வளர்ச்சியடைந்த உண்ணி பெரிய விலங்குகளை நாடும். மேய்ச்சல் மாடுகள் அதற்கு எளிதில் கிடைக்கின்றன. மாட்டின் இரத்தத்தைக் குடித்த பெண் உண்ணி தரையில் விழுந்து பெருந்தொகையாக முட்டையிடுகிறது. மாட்டிற்கு இந்நோய் வருவதில்லை. மாட்டிடமிருந்து நேரே மனிதருக்குத் தொற்றுவதுமில்லை. எனினும் மாடு உண்ணிகளின் பெருக்கத்திற்கு உணவளித்து, அவற்றை ஊருக்கும் காட்டிற்கும் இடையே சுமந்து செல்கிறது.

குரங்கின் நிலை வேறு. மந்தியும் நாட்டுக் குரங்கும் இந்நோய்க்கு எளிதில் பலியாகின்றன. நோயுற்ற குரங்கின் உடலில் வைரஸ் பெருகுகிறது; அதன் இரத்தத்தைக் குடித்த உண்ணிகளும் நோய் சுமப்பவை ஆகின்றன. குரங்கு இறந்ததும் அவ்வுண்ணிகள் உதிர்ந்து சுற்றிலும் பரவுகின்றன. ஆகவே குரங்கு இறந்து கிடக்கும் இடமே அடுத்த சில வாரங்களுக்கு மிகுந்த இடர் நிறைந்த இடமாகும்.

நோயின் போக்கு

உண்ணி கடித்த 3 முதல் 8 நாள்களுக்குள் குளிர்நடுக்கத்தோடு திடீரென்று காய்ச்சல் தோன்றும். நெற்றிப் பகுதியில் கடுமையான தலைவலி, இடுப்பிலும் கால்களிலும் தாங்கவொண்ணாத தசைவலி, கண் சிவத்தல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை தொடரும். சிலருக்கு மூக்கு, ஈறு, குடல் ஆகியவற்றிலிருந்து இரத்தம் கசியும். பெரும்பாலோர் இரண்டு வாரங்களில் நலமடைவர். ஆயினும் நோயுற்றோரில் 100க்கு 10 முதல் 20 பேருக்கு, குணமானது போன்ற ஓர் இடைவெளிக்குப் பின், காய்ச்சல் மீண்டும் வருவதுண்டு. அப்போது மனக்குழப்பம், நடுக்கம், பார்வைக் கோளாறு போன்ற நரம்பு மண்டலக் குறிகள் தோன்றலாம். நோயுற்றோரில் 100க்கு 3 முதல் 5 பேர் வரை உயிரிழக்கின்றனர்.

இந்நோய்க்கெனத் தனி மருந்து இல்லை. உடலின் நீர்ச்சத்தைக் காத்தல், இரத்தக் கசிவைக் கவனித்தல், தேவைப்படின் இரத்தம் செலுத்துதல் ஆகியவற்றால் உயிரைக் காக்க முடியும். நோயாளி எவ்வளவு விரைவில் மருத்துவமனையை அடைகிறார் என்பதே இங்கு முக்கியம். இரத்தக் கசிவுக்கு இடமளிக்கும் ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக உட்கொள்வது கேடு விளைவிக்கும்.

பெயரிடுவதில் உள்ள இடர்ப்பாடு

தொடக்கத்தில் இக்காய்ச்சலை மற்றக் காய்ச்சல்களிலிருந்து பிரித்தறிவது எளிதன்று. இரத்தத் தட்டணுக்கள் குறைவதால் டெங்கு என்று கருதப்படலாம். எலியின் சிறுநீர் கலந்த நீராலும் சேற்றாலும் பரவும் எலிக்காய்ச்சலிலும் கண் சிவத்தலும் தசைவலியும் உண்டு. புதர்க்காடுகளில் வாழும் நுண்பூச்சியின் கடியால் வரும் ஸ்கிரப் டைபஸ் நோயிலும் காய்ச்சலும் தலைவலியும் உண்டு. கடித்த இடத்தில் கருகிய புண் காணப்படுவது அதனைக் கண்டறிய உதவும். கன்று ஈனும் மாட்டிற்கும் ஆட்டிற்கும் உதவியவருக்கும், காய்ச்சாத பாலைப் பருகியவருக்கும் வரும் புரூசெல்லா காய்ச்சலோ வாரக்கணக்கில் விட்டுவிட்டு நீடிக்கும்.

இவற்றுள் எலிக்காய்ச்சலையும் ஸ்கிரப் டைபஸையும் தக்க நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் குணப்படுத்தலாம். காலங்கடந்தால் அவையும் உயிரைக் குடிக்கும். ஆகவே நோயாளி எங்குச் சென்றார், எந்த விலங்குகளிடையே இருந்தார், உடலில் உண்ணி கண்டாரா, அப்பகுதியில் குரங்கு இறந்ததா என்னும் நான்கு கேள்விகள் மருத்துவருக்குப் பெருந்துணை ஆகின்றன. கேட்காவிடினும் நோயாளியே இவற்றைக் கூற வேண்டும். ஐயம் எழுந்தபின் காய்ச்சலின் முதல் நாள்களில் பி.சி.ஆர். சோதனையாலும், பின்னர் எலிசா சோதனையாலும் நோயை உறுதி செய்யலாம். ஆனால் ஐயம் எழாவிடில் சோதனைக்கே இடமில்லை.

வளர்ச்சிப் பணிகளும் நோய்ப் பரவலும்

நீண்ட காலம் இந்நோய் சிவமொக்கா மாவட்டத்திலும் அதனை அடுத்த பகுதிகளிலும் அடங்கியிருந்தது. 1982-83ஆம் ஆண்டுகளில் தென் கன்னட மாவட்டத்தின் பெல்தங்கடி வட்டத்தில் அது பெருமளவில் வெடித்தது. அங்கு முந்திரித் தோட்டம் அமைப்பதற்காகக் காடு அழிக்கப்பட்டிருந்தது. தொன்மையான காட்டின் நடுவே வெட்டவெளிகள் தோன்றி, அவற்றில் புதர் மண்டி, மாடுகளும் மனிதரும் நுழையும்போது, உண்ணிக்கு ஏற்ற சூழல் அமைந்துவிடுகிறது. காட்டின் இந்த விளிம்பே நோயின் களம் என்பதை ஜார்ஜ் போஷெல் என்னும் கொலம்பிய அறிஞர் 1960களிலேயே சுட்டிக்காட்டியிருந்தார்.

2012ஆம் ஆண்டின் இறுதியில் பந்திப்பூர்ப் புலிகள் காப்பகத்தில் குரங்குகள் இறந்தபோது, அவற்றின் உடல்களைக் கையாண்ட வனப் பணியாளர் சிலர் நோயுற்றனர். அதே பருவத்தில் தமிழ்நாட்டின் நீலகிரிப் பகுதியிலும் இறந்த குரங்குகளில் நோய் கண்டறியப்பட்டது. தொடர்ந்து கேரளத்தின் வயநாட்டிலும், 2015இல் கோவாவின் சத்தரி வட்டத்திலும், 2016இல் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டத்திலும் மக்கள் பாதிக்கப்பட்டனர். 2018ஆம் ஆண்டின் இறுதியில் சிவமொக்கா மாவட்டம் சாகர் வட்டத்தைச் சேர்ந்த அரளகோடு பகுதியில் நோய் மீண்டும் கடுமையாகத் தாக்கியது. பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் பாக்கு, முந்திரித் தோட்டத் தொழிலாளரும், சிறு விவசாயிகளும், பழங்குடியினரும் ஆவர்.

தடுப்பு முறைகள்

கோழிக்கருத் திசுவில் தயாரிக்கப்பட்ட தடுப்பூசி ஒன்று 1990 முதல் கர்நாடகத்தில் வழங்கப்பட்டது. இரண்டு தவணைகளுக்குப் பின்னும் அவ்வப்போது ஊக்கத் தவணை தேவைப்பட்டது. வலி மிகுந்ததாலும் பல முறை வர வேண்டியிருந்ததாலும் மக்களில் பலர் முழுமையாகப் போட்டுக்கொள்ளவில்லை. அதன் ஆற்றலும் போதுமானதாக இல்லாமையால் 2022இல் அது கைவிடப்பட்டது. புதிய தடுப்பூசியை உருவாக்கும் பணியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஈடுபட்டுள்ளது. அது மக்களை அடையும் வரையில் உண்ணிக் கடியைத் தவிர்ப்பதும் காலத்தே கண்டறிவதுமே பாதுகாப்பு.

காட்டிற்குச் செல்வோர் உடல் முழுவதும் மறையும்படி உடுத்துதல், டெபா போன்ற உண்ணி விரட்டித் தைலத்தைத் தோலில் பூசிக்கொள்ளுதல், சருகின்மேல் அமராதிருத்தல், வீடு திரும்பியதும் வெந்நீரில் குளித்து ஆடைகளையும் வெந்நீரில் அலசுதல் ஆகியவை எளிய முறைகள். அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம் ஆகிய இடங்களை ஒருவர்க்கொருவர் பார்த்துக்கொள்வது நலம். உண்ணி பற்றியிருப்பின் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். விரலால் நசுக்குவதும், மண்ணெண்ணெய் ஊற்றுவதும், நெருப்பால் சுடுவதும் கூடா.

குரங்கின் இறப்பைத் தெரிவிப்பது தனியொரு கடமையாகும். இறந்த குரங்கைத் தொடாமல் வனத்துறைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ உடனே செய்தி சொல்ல வேண்டும். அவ்விடத்தைச் சுற்றி ஏறத்தாழ 50 மீட்டர் தொலைவிற்குப் பூச்சிக்கொல்லி தூவி, மக்களையும் மாடுகளையும் அப்பகுதிக்குள் செல்லாமல் தடுப்பது நடைமுறை.

இணைந்த செயல்பாடு

குரங்கு வனத்துறையின் பொறுப்பிலும், மாடு கால்நடைத்துறையின் பொறுப்பிலும், மனிதர் சுகாதாரத்துறையின் பொறுப்பிலும் உள்ளனர். உண்ணியோ இம்மூவரிடையேயும் தடையின்றிச் செல்கிறது. வனக்காவலர் கண்ட குரங்கின் உடல் பற்றிய செய்தி அன்றே மருத்துவரை எட்டுமாயின், அடுத்த வாரம் காய்ச்சலோடு வரும் சருகு வாரும் பெண்ணைச் சாதாரண நோயாளியாக அவர் திருப்பி அனுப்பமாட்டார். செய்தி கோப்பிலேயே தங்குமாயின், அவர் வீட்டிலேயே பல நாள் கிடந்து, இரத்தம் கசியத் தொடங்கியபின் கொண்டுவரப்படுவார்.

காட்டிற்குச் செல்லாதீர் என்று அறிவுரை கூறுவது எளிது. ஆனால் அடுப்பெரிக்க விறகும், தோட்டத்திற்கு எருவும், மாட்டிற்கு மேய்ச்சலும் காட்டிலிருந்தே பெறுவோருக்கு அவ்வறிவுரை பயன் தராது. மாற்று எரிபொருள், தீவனப் பயிர், தைலம், அருகிலேயே சோதனை வசதி, நோயுற்ற நாள்களில் இழக்கும் கூலிக்கு ஈடு ஆகியவற்றை அளித்தால்தான் எச்சரிக்கை அவர்களுக்குப் பொருளுடையதாகும். ஒரு நாள் உழைப்பிற்காகக் காட்டிற்குச் சென்றவர் அதன் பொருட்டு உயிரை விலையாகக் கொடுக்க நேராமல் காப்பது ஊராட்சிக்கும் அரசுத் துறைகளுக்கும் பொதுவான கடமையாகும்.