'சுகர்' என்றால் சீனி மட்டுமா?

திருச்சுழிப் பக்கத்துப் பாட்டி ஒருவர் காலில் ஆறாத புண்ணோடு வந்தார். "சுகர் இருக்காம்மா?" என்றேன்.

"இருக்குன்னாங்கய்யா. அதான் வீட்ல சீனியே வாங்குறதில்ல. கருப்பட்டிக் காப்பிதான், நாளைக்கு நாலு தடவ!" என்றார் பெருமையாக.

பாட்டியை ஏமாற்றியது அந்த ஒரு சொல். இனிப்புக்கும் 'சுகர்', நோய்க்கும் 'சுகர்'. சீனியை விட்டால் நோயும் விட்டதாக நினைப்பு!

இந்தச் சொல்லின் பூர்வீகம் நம் நாடுதான், தெரியுமோ? வடமொழியில் 'சர்க்கரா' என்றால் பொடிக்கல். கரும்புச்சாறு மணல் மணலாக உறைவதால் அதற்கும் அதே பெயர். பாரசீகத்தில் 'ஷக்கர்', அரபியில் 'சுக்கர்', பிரெஞ்சில் 'சூக்ர்' என்று ஊர் சுற்றி இங்கிலீஷில் 'சுகர்' ஆனது. அருப்புக்கோட்டையில் நாம் சொல்லும் 'சீனி'யோ சீன தேசத்தின் பெயரால் வந்தது.

சித்த மருத்துவம் இந்நோயை மதுமேகம் என்கிறது. தேன்போல் இனிக்கும் சிறுநீர் என்று பொருள். தின்னும் பண்டத்தைச் சொல்லாமல் உடம்பில் நடப்பதைச் சொல்லும் பெயர்.

ரத்தத்தில் அளப்பது குளுக்கோஸை. சீனி, வெல்லம், கருப்பட்டி மூன்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான்; குடலில் அதில் பாதி குளுக்கோஸாகிவிடும். கருப்பட்டியில் தாது உப்புகள் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. சோறும் கம்பங்கூழும்கூட குளுக்கோஸாகத்தான் மாறுகின்றன. ஆகவே அளவு முக்கியம். டாக்டர் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

கருப்பட்டியை நிறுத்தச் சொல்லி, புண்ணுக்காகப் பாட்டியை அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வாசல் வரை போனவர் திரும்பி, "பனங்கிழங்கு திங்கலாமாய்யா?" என்றார்.

"ஒண்ணு தின்னுங்கம்மா. அந்த வேளை சோத்தைக் குறைச்சுக்கோங்க" என்றேன்.