மொழிபெயர்ந்த இயற்பெயர்கள்

ஒருவன் தன் வாழ்நாளில் மிகுதியாகக் கேட்குஞ் சொல் அவன் பெயரேயாம். எனினும், அதன் பொருள் யாதென வினவின் விடை கூறத் தயங்குவார் பலர். அருளப்பன், முடியப்பன், சின்னப்பன், சவரிமுத்து முதலிய பெயர்களைத் தாங்கிய மாணவர் சிலர், அவை நாட்டுப்புறப் பெயர்களென நாணி, அவற்றைச் சுருக்கியும் மாற்றியும் வழங்குதலை நாம் காண்கின்றோம். அந்நாணம் தகுவதோ என்பதை அறிய, அப்பெயர்களின் பிறப்பை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பிறநாட்டுப் பெயரொன்று தமிழிற் புகுங்கால் இருவழிகளுள் ஒன்றைப் பற்றும். ஒலியைத் தழுவி வருதல் ஒன்று; பொருளைத் தழுவி வருதல் மற்றொன்று.

பொருள்வழி வந்தவற்றுள் அருளப்பன் என்பதை முதற்கண் நோக்குவோம். யோவான் என்னும் பெயரின் எபிரேய மூலத்திற்குக் 'கடவுள் அருள்கூர்ந்தார்' என்பது பொருள். அவ்வருளே அருளப்பன் என்னும் பெயரில் அமைந்தது. வீரமாமுனிவர் தேம்பாவணியில் திருமுழுக்கு யோவானைக் கருணையன் என்றழைத்தார். அப்பெயரையே தாங்கிப் போர்ச்சுகல் நாட்டினின்றும் போந்து, 1693-ஆம் ஆண்டில் ஓரியூரில் உயிர்துறந்த ஜான் டி பிரிட்டோ, தமிழ் மக்களுக்கு அருளானந்தர் ஆயினார். மூலம் ஒன்று, தமிழ் வடிவங்களோ பல.

ஸ்தேவான் என்னும் பெயர் கிரேக்க மொழியில் முடி எனப் பொருள்படும், ஆதலின் முடியப்பன். பவுல் என்னும் பெயர் இலத்தீனில் சிறியன் எனப் பொருள்படும், ஆதலின் சின்னப்பன். லாசரு என்பது எலெயாசார் என்னும் எபிரேயப் பெயரின் திரிபு. 'கடவுள் துணைபுரிந்தார்' என்பது அதன் கருத்து. 1745-ஆம் ஆண்டில் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நீலகண்டப் பிள்ளை, தேவசகாயம் என்று பெயர் பெற்றது இக்கருத்துப் பற்றியே. அவர் 2022-ஆம் ஆண்டில் புனிதராக அறிவிக்கப்பெற்றார்.

யோசேப்பு என்னும் பெயர் இருவழியும் வந்தது. சூசை என்பது ஒலி பற்றியது. 'பெருகச் செய்வார்' என்னும் மூலப்பொருள் பற்றி வீரமாமுனிவர் இட்ட பெயர் வளன் என்பது. மூன்றே எழுத்துக்களில் மூலத்தின் கருத்து முழுதும் அடங்கிய திறம் வியக்கற்பாலது. அம்முனிவரின் சொந்தப் பெயராகிய கான்ஸ்டன்டைன் என்பதும், நிலைகலங்காமை என்னும் பொருள் நோக்கி, முன்னர்த் தைரியநாதர் என வழங்கியதே.

இனி, ஒலிவழி வந்தது சவரிமுத்து. 1542-இல் இந்தியாவிற்கு வந்து, பின்னர் முத்துக்குளித்துறையில் உழைத்த பிரான்சிஸ் சவேரியாரின் பெயரே சவரி எனக் குறுகிற்று. சவேரியார் என்பதோ நவார் நாட்டில் அவர் பிறந்த கோட்டையின் பெயர். பாஸ்க்கு மொழியிற் 'புதுவீடு' எனப் பொருள்படுஞ் சொல்லினின்றும் பிறந்தது. ஐரோப்பிய மலைநாட்டு வீடொன்றின் பெயர், தமிழ் முத்தொடு கோக்கப்பெற்று நம் வகுப்பறைப் பதிவேட்டில் இடம்பெற்றுள்ளது!

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒரே பெயர்க்கு வேறுவேறு பிறப்பு இருத்தலுங் கூடும். பவுலின் பெயராகவன்றிப் பாட்டனார் பெயராகவே சின்னப்பன் என்பதைத் தாங்கியோரும் உளர். ஆதலின், சொல்லை மட்டும் நோக்கித் துணியாது, குடிவழக்கையும் உசாவியறிதல் முறை.

பொருள்நோக்கிப் பெயரை மாற்றும் இம்முறை சமயப் பெயர்களோடு நின்றதன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பணியாற்றிய சூரியநாராயண சாஸ்திரியார், சூரியனைப் பரிதியாகவும், நாராயணனை மாலாகவும், சாஸ்திரியைக் கலைஞராகவும் பெயர்த்துப் பரிதிமாற்கலைஞர் ஆயினார். வேதாசலம் என்னும் பெயரில், வேதம் மறையாகவும் அசலம் மலையாகவும் நின்று மறைமலை ஆயிற்று. அவ்விருவர் பெயரையும் கற்றோர் போற்றுகின்றனர். முடியப்பன் என்னும் பெயரில் உள்ளதும் அத்தகைய மொழிப்புலமையே அன்றோ?

ஆதலின் மாணவர்காள், விடுமுறையில் இல்லஞ் சென்றக்கால், உங்கள் பெயர் எவர் இட்டது, எக்காரணம் பற்றி இட்டது என முதியோரை வினவி எழுதி வைம்மின். அதனை அறிந்த முதியோர் மறைந்தபின், அச்செய்தியைத் தரவல்ல நூல் எதுவும் இல்லை.