டெல்லி வண்டி, ஈரோட்டுச் செலவு

கேள்வி: வீட்டில் ஆறு பேர்: அப்பா, அம்மா, நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள். கோயில், கல்யாணம் என்று அடிக்கடி எல்லோருமாக வெளியூர் போகிறோம். புது ஃபார்ச்சூனர் விலையை விசாரித்து மலைத்துப்போய், செகண்ட் ஹேண்டில் சொகுசு எஸ்யூவி பார்க்கத் தொடங்கினேன். ஒரு புரோக்கர் 2017 வால்வோ எக்ஸ்சி90 டீசல் காட்டுகிறார். டெல்லி பதிவு, 58,000 கிலோமீட்டர், 24 லட்சம் கேட்கிறார். விசாரித்தால் ஒருவர் தலையில் தூக்கி வைக்கிறார், இன்னொருவர் தலையில் அடித்துக்கொள்கிறார். என் மைத்துனரோ 'ஜெர்மன் வண்டியே வேண்டாம்' என்கிறார். ஒரு வண்டி நம்பகமானதா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது?
- வாசகர், ஈரோடு

பதில்: வால்வோ ஜெர்மன் வண்டி இல்லை என்று மைத்துனரிடம் சொல்லிவிடுங்கள். ஊர் ஸ்வீடன், 2010 முதல் முதலாளி சீனாவின் ஜீலி. ஆனால் அவருடைய பயம் வீண் பயம் இல்லை.

'வால்வோவை நம்பலாமா?' என்று கேட்டால் எவராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. கம்பெனி பெயர் ஒன்றுதான். அதன் கீழே இன்ஜின் வேறு, கியர்பாக்ஸ் வேறு, தயாரித்த வருடம் வேறு. மெர்சிடிஸ் ஜிஎல்எஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-இல் இங்கே வந்த 350டி-யில் இருந்தது ஓஎம்642 என்ற வி6 டீசல். 2020-இல் வந்த 400டி-யில் இருப்பது ஓஎம்656 என்ற, ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் புது இன்ஜின். முன்னதில் ஆயில் கூலர் இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவே பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அதன் சீல் கசிவது பல நாட்டு மெக்கானிக்குகளுக்கும் பழகிப்போன வியாதி. சீல் மலிவுதான், ஆனால் அதைத் தொட டர்போவையும் மேலே உள்ள பாகங்களையும் கழற்ற வேண்டும், கூலிதான் கொல்லும். லேண்ட் ரோவரின் டிஸ்கவரி 4 ஓட்டுவதற்கு அருமையான வண்டி. அதன் 3 லிட்டர் டீசலில் கிராங்க்‌ஷாஃப்ட் உடைந்த கதைகள் ஏராளம். உடைந்தால் இன்ஜினையே மாற்றும் நிலைதான். செகண்ட் ஹேண்டில் அது அத்தனை மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே முதலில் இன்ஜின் பெயரையும் வருடத்தையும் வைத்துத் தேடுங்கள். வெளிநாட்டு ஆய்வுகளைப் படிக்கலாம், ஆனால் எதை அளக்கிறார்கள் என்று பார்த்துப் படியுங்கள். அமெரிக்காவின் ஜே.டி. பவர் நம்பகத்தன்மை ஆய்வு மூன்று வயது வண்டிகளின் முதல் உரிமையாளர்களிடம் கேட்பது. போன் இணையவில்லை என்பதும் அதில் ஒரு குறை, கியர்பாக்ஸ் போனதும் ஒரு குறை. எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றுதான். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பழைய வண்டிகளையும் வருட வாரியாகப் பார்க்கும், நல்ல விஷயம். ஆனால் அமெரிக்காவில் எக்ஸ்சி90 பெட்ரோலில் ஓடுகிறது. உங்களுக்குக் காட்டப்படுவது டீசல். ஜெர்மனியின் டியூவி அறிக்கை நமக்குக் கொஞ்சம் நெருக்கம். கட்டாயப் பரிசோதனைக்கு வரும் வண்டிகளில் எத்தனை சதவீதம் தேறவில்லை என்று வயது வாரியாகச் சொல்லும். சஸ்பென்ஷன், பிரேக், ஆயில் கசிவு பற்றித் தெரிந்துகொள்ள அது உதவும். ஆனால் ஆட்டோபானில் ஓடிய வண்டிக்கு நம் வேகத்தடைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இனி உங்கள் வண்டி. அது 2 லிட்டர், நான்கு சிலிண்டர், இரட்டை டர்போ டீசல். 2019 ஜூலையில் வால்வோ உலகம் முழுக்கச் சுமார் 5,07,000 டீசல் கார்களைத் திரும்ப அழைத்தது. பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டு சூட்டில் உருகலாம், அரிதாகத் தீயும் பிடிக்கலாம் என்பது காரணம். 2014 முதல் 2019 வரையிலான மாடல்கள், எக்ஸ்சி90 உட்பட, அந்த அழைப்பில் வந்தன. உங்களுக்குக் காட்டப்படும் வண்டியின் 17 இலக்க சேசிஸ் எண்ணைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்து, இந்த அழைப்பு இதற்குப் பொருந்துமா, வேலை முடிந்ததா என்று கேளுங்கள். இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் உண்டு. கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் வயதானால் மாற்ற வேண்டியது அது. ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், இன்ஜின் போய்விடும். மாற்றியாயிற்றா என்பதற்கு பில் வேண்டும், வாய்ச்சொல் போதாது.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி என்றால் ஏறி இறங்க வசதியாகத் தானே தாழும்; பெரியவர்களுக்கு நல்லது. ஆனால் செலவு வைக்கும் இடமும் அதுதான். முதல் நாள் மாலை நான்கு சக்கரத்துக்கும் மேலே உள்ள இடைவெளியை டேப்பால் அளந்து, மறுநாள் காலை வண்டியைக் கிளப்பாமல் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அங்கே காற்று கசிகிறது. அதைச் சரிக்கட்ட அடிக்கடி ஓடி ஓடி கம்ப்ரஸரும் தேய்ந்திருக்கும்.

டெல்லி வண்டி ஏன் மலிவு என்று யோசித்தீர்களா? பத்து வருடம் தாண்டிய டீசலும் பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோலும் தலைநகரப் பகுதியில் ஓடக் கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதன் பிறகு வழக்குகளும் வாதங்களும் தொடர்ந்தாலும், விலை அப்போதே இறங்கிவிட்டது. வயது ஏற ஏற அங்கிருந்து டீசல் எஸ்யூவிகள் தெற்கே வருகின்றன. இதில் திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. ஆனால் 24 லட்சத்தோடு கணக்கு முடிவதில்லை. அங்கத்திய ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. வேண்டும், அதாவது படிவம் 28. இங்கே புது எண் வாங்கி வாழ்நாள் வரி கட்ட வேண்டும். புது வண்டியாக இருந்தபோது என்ன விலையோ, வரிக் கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும். வயதுக்கு ஏற்பக் கழிவு உண்டு என்றாலும் லட்சங்களில்தான் வரும். பேரம் பேசும் முன்பே ஈரோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தொகையை விசாரித்துவிடுங்கள். புரோக்கர் சொல்லும் தொகையை எழுதி வாங்கிக்கொண்டாலும் நான் நம்ப மாட்டேன்.

எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, இன்ஷூரன்ஸ், வண்டி மேல் கடன் உண்டா என்பது தெரியும். எத்தனையாவது கை என்பதை ஆர்.சி.யில் பாருங்கள். மீட்டரைத் திருப்பி வைப்பது இன்றைக்கு லேப்டாப்பில் செய்கிற வேலை, எனவே 58,000 என்பதை அந்த மீட்டரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் குறித்த கிலோமீட்டர் கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருக்கும். உரிமையாளர் சம்மதித்தால் அதைப் பெறலாம். சம்மதிக்காதவரிடம் மேற்கொண்டு பேசாதீர்கள்.

பலர் பார்க்காத காகிதம் ஒன்று உண்டு: பழைய இன்ஷூரன்ஸ் பாலிசி. கிளெய்ம் இல்லாமல் கழியும் வருடங்களுக்கு நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று படிப்படியாக ஏறும். ஒரே கை வண்டி, கீறல்கூட இல்லை என்று சொல்பவரின் பாலிசியில் அது பூஜ்யமாக இருந்தால் காரணம் கேளுங்கள். போனஸைக் காப்பாற்றும் கூடுதல் பாலிசியும் இருப்பதால், 50 சதவீதம் இருந்தாலே வண்டி சுத்தம் என்று ஆகிவிடாது.

தமிழ்நாட்டு வண்டியே பார்த்துவிடலாம் என்று சென்னைக்குக் கிளம்பினால் வேறு சோதனை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அங்கே எவ்வளவோ கார்கள் தண்ணீரில் நின்றன. தரைக்கு அருகிலும் சீட்டுக்கு அடியிலும் எலக்ட்ரானிக் பெட்டிகளும் வயர் இணைப்புகளும் உள்ள இந்த மாதிரி வண்டிக்குள் தண்ணீர் புகுந்தால், துடைத்துக் காயவைத்து விற்ற பிறகு ஒவ்வொன்றாகப் படுக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறையும் வாடையும் தங்கிவிடும். ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்திலும் சீட் தண்டவாளத் திருகுகளிலும் துரு இருக்கிறதா பாருங்கள்.

இத்தனையும் தேறினால் வால்வோவின் சொந்த ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் காசு கொடுத்து வண்டியைக் காட்டுங்கள். அவர் புரோக்கர் அழைத்து வந்தவராக இருக்கக் கூடாது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அவரே ஸ்டார்ட் செய்ய வேண்டும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். பழைய பிழைக் குறிகளை அழித்துவிட்டு விற்பார்கள். அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் ஸ்கேனர் காட்டும். நேற்று அழித்திருந்தால் காரணம் இருக்கும்.

பணத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. யானையைப் பாதி விலைக்கு வாங்கினாலும் தீனி முழு யானைக்குத்தான் போட வேண்டும். வண்டி 24 லட்சத்துக்கு வந்தாலும் உதிரிபாகங்கள் புது எக்ஸ்சி90-க்கு என்ன விலையோ அதே விலையில்தான் வரும். 30 லட்சம் கையில் இருந்தால் 24-க்கு வாங்கி மீதியை ஒதுக்கி வைப்பது சரி. 24 மட்டும்தான் இருக்கிறது, அதிலும் பாதி கடன் என்றால் இந்த ரக வண்டியே வேண்டாம், நல்ல இன்னோவா ஒன்றைப் பாருங்கள். ஈரோட்டிலிருந்து வால்வோ சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர் என்பதையும் வழியில் நின்றுபோனால் யார் தூக்கி வருவார்கள் என்பதையும் இப்போதே விசாரியுங்கள்.

என் முடிவு: வரியையும் சேர்த்துக் கூட்டினால் டெல்லி வண்டியின் மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும். கோவை அல்லது பெங்களூரில் ஒரே கை, முழு சர்வீஸ் ரெக்கார்டு, பெல்ட் மாற்றிய பில் உள்ள எக்ஸ்சி90 இரண்டு லட்சம் கூடுதலாக இருந்தாலும் அதையே வாங்குங்கள். பெங்களூர் வண்டி என்றால் அதற்கும் இங்கே வரி உண்டு, அதையும் கணக்கில் சேருங்கள். டெல்லி வண்டிதான் என்று மனசு வைத்துவிட்டால், சர்வீஸ் ரெக்கார்டும் என்.ஓ.சி.யும் கைக்கு வரும் வரை ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் தராதீர்கள்.